உங்கள் தண்டர்போல்ட் எந்தத் தேதி?

அன்புள்ள ஐயா,

1930களில் தரைவேகச் சாதனை படைத்த ஜார்ஜ் ஐஸ்டனின் தண்டர்போல்ட் காரை 1:24 அளவு மாடலாகச் செய்துகொண்டிருக்கிறேன். கிட் கிடைக்காததால் பால்சா மரத்தில் செதுக்கி, பட்டி பார்த்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிட்டேன். படத்துக்குப் படம் கார் வேறுமாதிரி இருக்கிறது. அதனால் ஒவ்வொன்றிலும் அழகானதை எடுத்துக்கொண்டேன்: மூடிய மூக்கு, முக்கோண வால் துடுப்பு, பெயின்ட் இல்லாத வெற்று அலுமினியம். அந்தப் பளபளப்பை எப்படிக் கொண்டுவருவது? சக்கரங்களை 3டி பிரிண்ட் செய்தால் ஏமாற்று ஆகுமா? நாற்பது வயதில் பொம்மையா என்கிறார் என் மைத்துனர்.

ர.

அன்புள்ள ர.,

மைத்துனரை விடுங்கள். 3டி பிரிண்டும் ஏமாற்று இல்லை, அளவு சரியாக இருந்தால் போதும். ஆனால் உங்கள் கடிதத்தின் நடுவில் ஒரு வரி இருக்கிறதே, "ஒவ்வொன்றிலும் அழகானதை எடுத்துக்கொண்டேன்" என்று, அதைப் படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. சமீப காலமாக நானும் இதையேதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

நீங்கள் செய்திருக்கும் கார் எந்த நாளிலும் ஓடவில்லை. 1937 நவம்பரில் அமெரிக்காவின் பான்வில் உப்புப் பரப்பில் ஐஸ்டன் மணிக்கு 312 மைல் தொட்டபோது துடுப்பு இருந்தது, மூக்கும் திறந்திருந்தது. உள்ளே இரண்டு ரோல்ஸ்-ராய்ஸ் ஆர் விமான என்ஜின்கள், அவற்றின் சூட்டைத் தணிக்க ரேடியேட்டருக்குக் காற்று போயாக வேண்டும். மூக்கை மூடியது 1938 செப்டம்பரில், ரேடியேட்டரை எடுத்துவிட்டு ஐஸ் தொட்டி வைத்தபோது. துடுப்பைக் கழற்றியதும் அப்போதுதான். மூடிய மூக்கும் துடுப்பும் ஒரே காரில் இருக்க வழியே இல்லை. மூக்கை மூடியதற்கு ஒரு காரணம், துடுப்பை எடுத்ததற்கு ஒரு காரணம், இரண்டையும் அந்த ஆட்கள் இரவு பகலாக உட்கார்ந்து யோசித்துச் செய்திருக்கிறார்கள். நீங்கள் அழகு பார்த்து ஒட்டிவைக்கிறீர்கள்!

பளபளப்பைக் கேட்டீர்கள். அந்தப் பளபளப்பு ஒரு சாதனையையே விழுங்கியது, தெரியுமா? 1938 ஆகஸ்டில் ஐஸ்டன் ஓட்டியபோது நேரம் எடுத்தது ஒளிக்கதிர்க் கருவி. வெள்ளை உப்பு, அதன்மேல் பளபளக்கும் அலுமினியம், இரண்டையும் கருவியால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. ஒரு திசை ஓட்டம் பதிவாகவே இல்லை, ஒரு மணி நேரத்துக்குள் இரு திசையும் ஓடினால்தான் கணக்கு, அவ்வளவும் வீண். அப்புறம்தான் பக்கவாட்டில் கறுப்பு அடித்தார்கள். சில நாளில், ஆகஸ்ட் 27 அன்று, 345.5 மைல் கிடைத்தது. செப்டம்பர் 15 அன்று ஜான் காப் தன் ரெயில்டன் காரில் 350.2 என்று அதை முறியடிக்க, மறுநாளே ஐஸ்டன் துடுப்பில்லாத காரில் வந்து 357.5 அடித்தார். காப்பின் சாதனை நின்றது ஒரே ஒரு நாள்! ஒரு மாதத்துக்குள் இவ்வளவும். இதில் நீங்கள் செய்வது எந்த நாளின் கார்?

இந்தக் கேள்வி என்னுடையது இல்லை. இங்கிலாந்தில் இருந்த காலத்தில், இன்னொரு வேகச் சாதனையாளரான டொனால்ட் கேம்ப்பெல்லின் நீலநிற புளூபேர்ட் சிஎன்7 காரை நானும் 1:24ல் செய்தேன். அதன் சக்கரம் 52 அங்குலம், மாடலில் 55 மில்லிமீட்டர். அந்த நான்கு சக்கரங்களுக்கே இரண்டு மாதம் ஆனது. உயரமான வால் துடுப்போடு முடித்து, பலகையில் "1960" என்று எழுதி ஒரு கண்காட்சியில் வைத்தேன். ஒரு பெரியவர் வந்தார், வெகுநேரம் குனிந்து பார்த்தார், "இது எந்த நாள்?" என்று மட்டும் கேட்டார். எனக்குப் புரியவில்லை. பிறகு மெதுவாகச் சொன்னார்: 1960ல் பான்வில்லில் கவிழ்ந்த காருக்குத் துடுப்பு கிடையாது, திரும்பக் கட்டியபோதுதான் வைத்தார்கள். அன்று இரவே பலகையை மாற்றினேன், 17-7-1964, ஆஸ்திரேலியாவின் ஐர் ஏரி, 403.1 மைல். மாற்றியதும் அடித்தளம் உறுத்தியது. நான் பிளாஸ்டரில் மழமழவென்று வெள்ளையாக ஊற்றியிருந்தேன். மழையில் ஊறிய அந்த உப்பில் கார் தடம் வெட்டிக்கொண்டே ஓடியது என்று படித்ததும் உளியை எடுத்து நான்கு சக்கரத்துக்கும் பின்னால் பள்ளம் கீறினேன். அதற்குப் பிறகுதான் அந்தக் கார் ஓடியது போல இருந்தது.

புளூபேர்டையாவது இங்கிலாந்தின் பியூலி அருங்காட்சியகத்தில் போய்ப் பார்த்துவிடலாம். உங்கள் தண்டர்போல்ட் இப்போது இல்லை. நியூசிலாந்தில் வெலிங்டன் நகரில் காட்சிக்குப் போன கார், 1946ல் அந்தக் கட்டடம் தீப்பிடித்தபோது எரிந்துபோனது. இனி படங்களில் இருக்கும், உங்களைப் போன்றவர்கள் கையில் இருக்கும். அதனால்தான் இவ்வளவு திட்டுகிறேன். பால்சாவை ஒற்றை ஆளாகச் செதுக்கி அந்த உடலை வரவழைத்த கை நல்ல கை, சந்தேகமே இல்லை.

பளபளப்புக்கு: ஒட்டும் அலுமினியத் தாளை அந்த உடலின் தகடுகள் அளவுக்கே துண்டு துண்டாக வெட்டி ஒட்டி, காது குடையும் பஞ்சுக் குச்சியால் தேய்த்து அழுத்துங்கள். ஆனால் அதற்கு முன்னால் துடுப்பை அறுங்கள், அல்லது மூக்கைத் திறங்கள். எந்தத் தேதி என்று முடிவுசெய்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.