‘ஐ ஆம் எ ஸ்டாஃப்’ என்று எழுதலாமா?

கேள்வி: வேறு வேலைக்கு முயற்சி செய்துகொண்டிருக்கிறேன். ரெஸ்யூமேயில் ‘ஐ ஆம் எ ஸ்டாஃப் இன் எ பிரைவேட் கம்பெனி. டென் ஸ்டாஃப்ஸ் ஆர் வொர்க்கிங் அண்டர் மீ’ என்று எழுதியிருந்தேன். இரண்டு வாக்கியமும் தப்பு என்கிறார் நண்பர். ஆனால் கம்ப்யூட்டர் எந்தச் சொல்லுக்கும் சிவப்புக் கோடு போடவில்லை. எதை நம்புவது?

பதில்: நண்பரை நம்புங்கள். தப்பு வருவது எங்கிருந்து என்று தெரிந்துவிட்டால், இனி ஒவ்வொரு வாக்கியத்துக்கும் யாரையும் கேட்க வேண்டியிருக்காது.

தமிழில் பேசும்போது ‘ஸ்டாஃப்’ என்றால் நமக்கு ஒரு ஆள். ‘ஒரு ஸ்டாஃப் வந்தார்’, ‘ரெண்டு ஸ்டாஃப் லீவு’ என்று சாதாரணமாகச் சொல்கிறோம். தமிழ்ப் பேச்சில் அது அப்படி நிலைத்துவிட்டது, அதில் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆங்கிலத்தில் அந்தச் சொல் குறிப்பது தனி ஆளை அல்ல. ஓர் இடத்தில் வேலை செய்யும் அத்தனை பேரையும் சேர்த்து. ‘நான் ஒரு குழு’ என்று யாராவது சொன்னால் காதில் எப்படி இடிக்குமோ, ‘ஐ ஆம் எ ஸ்டாஃப்’ ஆங்கிலம் தெரிந்தவர் காதில் அப்படித்தான் இடிக்கும்.

ஒரே ஆளைச் சொல்ல வேண்டுமென்றால் ‘ஸ்டாஃப் மெம்பர்’ அல்லது ‘மெம்பர் ஆஃப் ஸ்டாஃப்’. முதலாவது எல்லா இடத்திலும் செல்லும், இரண்டாவது பிரிட்டிஷ் வழக்கு. பன்மையில் ‘ஸ்டாஃப் மெம்பர்ஸ்’, ‘மெம்பர்ஸ் ஆஃப் ஸ்டாஃப்’. இரண்டிலும் ‘ஸ்’ மெம்பரோடுதான் ஒட்டும், ஸ்டாஃபோடு ஒட்டாது. ‘ஒன் ஆஃப் அவர் ஸ்டாஃப்ஸ்’ என்று எழுதவே வேண்டாம். ‘ஒன் ஆஃப் அவர் ஸ்டாஃப் மெம்பர்ஸ்’ போதும். இதெல்லாம் நீளமாகப் படுகிறதா? ‘எம்ப்ளாயீ’ இருக்கவே இருக்கிறது. அது தனி ஆளைக் குறிக்கும் சொல், எத்தனை பேரை வேண்டுமானாலும் எண்ணலாம்.

‘எ ஸ்டாஃப்’ என்று வந்தாலே தப்பு என்றும் முடிவுகட்டிவிடாதீர்கள். ‘தே ஹேவ் எ ஸ்டாஃப் ஆஃப் ட்வென்ட்டி’ மிகச் சரியான வாக்கியம். இருபது பேர் சேர்ந்த ஒரே கூட்டத்தைத்தான் அந்த ‘எ’ குறிக்கிறது. அதேபோல ‘ஷி இஸ் எ ஸ்டாஃப் நர்ஸ்’ என்பதும் சரி. அங்கே ‘எ’ சேர்வது நர்ஸோடு. ஸ்டாஃப் அதற்கு முன்னால் அடைமொழியாக நிற்கிறது. ஸ்டாஃப் ரூம், ஸ்டாஃப் மீட்டிங் எல்லாம் இதே வகைதான்.

சரி, சிவப்புக் கோடு ஏன் வரவில்லை? எழுத்துப்பிழை பார்க்கும் வசதிக்கு, அப்படி ஒரு சொல் இருக்கிறதா என்பதுதான் கணக்கு. ‘ஸ்டாஃப்ஸ்’ என்ற சொல் உண்மையிலேயே இருக்கிறது, ஆனால் அதன் வேலை வேறு. இரண்டு பள்ளிகளின் ஊழியர் கூட்டங்களைத் தனித்தனியாக வைத்துப் பேசினால் ‘த ஸ்டாஃப்ஸ் ஆஃப் போத் ஸ்கூல்ஸ்’ என்று எழுதலாம். ஆள் அமர்த்துவது என்ற பொருளில் வினைச்சொல்லாகவும் வரும்: ‘த ஏஜென்சி ஸ்டாஃப்ஸ் த்ரீ ஹாஸ்பிடல்ஸ்.’ இந்த வினையிலிருந்து வந்ததுதான் ஆள் பற்றாக்குறையைச் சொல்லும் ‘அண்டர்ஸ்டாஃப்ட்’. உங்கள் பத்துப் பேர் இந்த இரண்டிலும் சேரமாட்டார்கள்.

அடுத்து எல்லோருக்கும் வரும் குழப்பம், ‘த ஸ்டாஃப் இஸ்’ஸா, ‘த ஸ்டாஃப் ஆர்’ஆ? இரண்டும் உண்டு. அமெரிக்கர்கள் கூட்டத்தை ஒன்றாகப் பார்த்து ‘இஸ்’ போடுவது வழக்கம். பிரிட்டிஷ் ஆங்கிலத்தில், அதில் உள்ள ஆட்களை நினைத்து ‘ஆர்’ போடுவதுதான் அதிகம். எதை எடுத்தாலும் ஒரு கடிதம் முழுக்க அதையே வைத்திருங்கள். நோட்டீஸ் எழுதும்போது இந்தத் தொல்லையே வராமல் செய்யவும் வழி உண்டு. ‘மஸ்ட்’, ‘ஷுட்’, ‘வில்’ போட்டால் ஒருமை பன்மைக்கு வேலையே இல்லை: ‘ஆல் ஸ்டாஃப் மஸ்ட் வேர் தேர் ஐடி கார்ட்ஸ்.’

எண்ணைச் சேர்த்து ‘வி நீட் டூ மோர் ஸ்டாஃப்’ என்று சொல்வதைப் பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் நிறையக் கேட்கலாம். பேச்சில் அது பரவாயில்லை. எழுத்தில் ‘டூ மோர் ஸ்டாஃப் மெம்பர்ஸ்’ என்றே எழுதுங்கள், எந்த நாட்டுக்காரர் படித்தாலும் நெருடாது.

இப்போது உங்கள் ரெஸ்யூமே. இரண்டாவது வாக்கியத்துக்கு ‘ஐ மேனேஜ் எ ஸ்டாஃப் ஆஃப் டென்’ அல்லது ‘ஐ சூப்பர்வைஸ் எ டீம் ஆஃப் டென்’ என்று எழுதுங்கள். பிந்தையதுதான் எனக்குப் பிடித்தது, கூடவே உட்கார்ந்து வேலை வாங்குகிறவர் என்பது அதில் தெரிகிறது. முதல் வாக்கியத்தில் இலக்கணத்தைவிடப் பெரிய குறை ஒன்று இருக்கிறது. ஸ்டாஃப் என்பதைச் சரியாகவே எழுதினாலும் நீங்கள் அங்கே என்ன வேலை செய்கிறீர்கள் என்பது அதில் இல்லை. படிப்பவருக்குத் தேவை அதுதான். அதனால் பதவியின் பெயரைப் போடுங்கள்: ‘ஐ ஒர்க் ஆஸ் எ ஸ்டோர் சூப்பர்வைசர்’ என்பதுபோல. ஸ்டாஃப் என்ற சொல்லே வேண்டியதில்லை.

நேர்முகத் தேர்வில் வாய் தவறிவிடக்கூடிய இடம் ஒன்று உண்டு. கூட வேலை செய்யும் நண்பரை ‘மை ஸ்டாஃப்’ என்று சொல்லிவிடாதீர்கள். அவர் உங்களுக்குக் கீழே வேலை பார்ப்பவர் என்ற பொருள் வந்துவிடும். சமமானவர் என்றால் ‘கொலீக்’.

இதே தடுமாற்றம் வேறு சில சொற்களிலும் உண்டு. ‘ஹி இஸ் எ போலீஸ்’ இல்லை, ‘போலீஸ் ஆஃபீசர்’. தனியாக ‘போலீஸ்’ வந்தால் எப்போதும் ‘ஆர்’தான். ‘ஷி இஸ் எ ஃபேகல்ட்டி’ இல்லை, ‘ஃபேகல்ட்டி மெம்பர்’. ‘க்ரூ’வும் அப்படித்தான்.

அப்புறம், அனுப்புவதற்கு முன் ‘ஸ்டஃப்’ என்ற சொல்லைப் போட்டு ரெஸ்யூமே முழுக்க ஒருமுறை தேடிப் பாருங்கள். ‘ஏ’ வர வேண்டிய இடத்தில் ‘யூ’ விழுந்தால் ஊழியர்கள் சாமான்களாகிவிடுவார்கள். அதுவும் அகராதியில் உள்ள சொல் என்பதால் அங்கேயும் சிவப்புக் கோடு வராது.