கதைசொல்லி மறைக்கலாமா?

அன்புள்ள ஐயா,

நான் ஒரு உளவியல் மர்ம நாவல் எழுதி முடித்திருக்கிறேன். நான்கு தோழிகள், கல்லூரிக் கடைசி வருடத்தில் ஓர் ஏரிக்கரையில் கூடாரம் போட்டு இரவு தங்குகிறார்கள். ஒருத்தி நீரில் மூழ்கி இறந்துவிடுகிறாள். இருபது ஆண்டுகள் கழித்து அவள் தம்பி வந்து கேள்வி கேட்க ஆரம்பிக்கிறான். கதையைச் சொல்பவள் மற்ற மூவரில் ஒருத்தி. அன்றிரவு தோழி கூப்பிட்ட குரல் அவளுக்குக் கேட்டது. மாலையில் போட்ட சண்டையின் கோபத்தில் எழுந்து போகாமல் படுத்திருந்துவிட்டாள். இதைக் கடைசி அத்தியாயத்தில்தான் சொல்கிறாள். படித்த நண்பர்கள் இருவர், "இவ்வளவு நேரம் அவள் மனசுக்குள்ளேயேதானே இருந்தோம், இது ஏமாற்று வேலை" என்கிறார்கள். மர்மக் கதையில் மறைப்பது தப்பா? மூன்றாம் அத்தியாயத்தை இணைத்திருக்கிறேன்.

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

அந்த அத்தியாயத்தை இரண்டு முறை படித்தேன். உங்கள் நண்பர்கள் சொல்வது சரி என்றுதான் எனக்கும் படுகிறது. மறைக்கலாம், தாராளமாக மறைக்கலாம். நீங்கள் மறைத்த விதத்தில்தான் சிக்கல். தூக்கம் வராமல் படுத்துக்கொண்டு அவள் அன்றைய இரவை நிமிடம் நிமிடமாக நினைத்துப் பார்க்கிறாள். ஈரத்துணி, அணைந்துபோன விளக்கு, கூடாரத்தின் மீது காற்று அடிப்பது எல்லாம் வருகிறது. அந்தக் குரல் வரவேண்டிய இடத்தில் அத்தியாயம் முடிந்துவிடுகிறது. அங்கே நினைவை நிறுத்தியவர் நீங்கள். அவள் நிறுத்தியிருந்தால் அதற்கு ஒரு தடயம் இருந்திருக்கும்: சட்டென்று வேறு எதையோ நினைத்திருப்பாள், எழுந்து போய்த் தண்ணீர் குடித்திருப்பாள், காரணமில்லாமல் யார் மீதாவது எரிந்து விழுந்திருப்பாள்.

இந்த வழக்கு பழையது. ரொனால்ட் நாக்ஸ் என்ற ஆங்கில எழுத்தாளர் 1929இல் துப்பறியும் கதைகளுக்குப் பத்து விதிகள் வகுத்தபோது முதல் விதியிலேயே இதைத் தொட்டார். குற்றவாளி கதையின் தொடக்கத்திலேயே வந்துவிட வேண்டும். ஆனால் யாருடைய எண்ணங்களை வாசகர் பின்தொடர முடிகிறதோ அவராக இருக்கக் கூடாது. புதிர்க் கதைக்கு அது நியாயமான விதி. உளவியல் நாவலில் எண்ணங்களை விட்டால் வேறு என்ன இருக்கிறது? அதனால் விதியை மீறித்தான் ஆக வேண்டும். மீறும்போது, அவள் பக்கம் பக்கமாக யோசித்த எதுவும் கடைசியில் பொய்யாகிவிடக் கூடாது. இரண்டாம் முறை படிப்பவர் "இங்கேயே சொல்லியிருக்கிறாளே, நான்தான் கவனிக்கவில்லை" என்று பக்கத்தைப் புரட்ட வேண்டும்.

ரகசியம் சுமப்பவர்களின் மனம் எப்படி வேலை செய்கிறது என்பதில் உங்களுக்கு ஒரு வழி இருக்கிறது. மைக்கேல் ஸ்லெபியன் என்ற உளவியலாளரும் அவருடைய சகாக்களும் 2017இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ரகசியத்தின் பாரம், பிறர் முன்னால் நாக்கைக் கட்டிக்கொள்வதில் இருக்கிறது என்றுதான் நாம் நினைக்கிறோம். அவர்கள் கண்டது வேறு. யாரும் கேட்காதபோது, தனியாக இருக்கும்போது, மனம் தானாக அங்கே போய்ப் போய் வருவதுதான் அடிக்கடி நடக்கிறது, ஆளையும் அதுதான் அதிகம் வாட்டுகிறது. அப்படியென்றால் உங்கள் கதைசொல்லி இருபது வருடமாக அந்தக் கரைக்குத் தினமும் போய் வந்திருப்பாள். நாவலிலோ இறந்தவளின் தம்பி வந்து கிளறும்போது மட்டும் போகிறாள். எனக்கு உறுத்தியது இதுதான். அவள் அங்கே போவதை மறைக்காதீர்கள். போய் எதைப் பார்க்காமல் திரும்புகிறாள் என்பதை மட்டும் மறையுங்கள். முதல் பக்கத்திலேயே அவள் காதில் ஒரு சத்தம் விழட்டும். காற்று என்று அவள் சொல்லட்டும். இருபது வருடமாகத் தனக்குத்தானே அப்படிச் சொல்லி வந்தவள், வாசகரிடமும் அப்படித்தானே சொல்வாள்?

அப்புறம், மூவருடைய நினைவும் ஏன் ஒரே மாதிரி இருக்கிறது? 1986 ஜனவரியில் அமெரிக்காவின் சேலஞ்சர் விண்கலம் வெடித்த மறுநாள், அந்தச் செய்தியை எங்கே எப்படிக் கேட்டார்கள் என்று மாணவர்களிடம் உல்ரிக் நைசர், நிக்கோல் ஹார்ஷ் என்ற உளவியல் ஆய்வாளர்கள் எழுதி வாங்கினார்கள். இரண்டரை ஆண்டுகளுக்குப் பிறகு 44 பேரிடம் மறுபடி கேட்டபோது 11 பேர் எழுதியது முழுக்க மாறியிருந்தது. பலர் அதை அவ்வளவு உறுதியோடு சொன்னார்கள். அவர்கள் கையெழுத்தையே எடுத்துக் காட்டியும் பழைய நினைவு திரும்பவில்லை. இரண்டரை ஆண்டுக்கே இப்படி. தோழி இறந்த வாரத்தில் கதைசொல்லி யாருக்கோ எழுதிய ஒரு கடிதம் இப்போது அவள் கைக்கு வந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். அவள் கையெழுத்து, அவள் நம்பாத வரிகள். தம்பியின் விசாரணையைவிட எனக்கு அது பயமாக இருக்கிறது.

உங்கள் மூவரும் ஆண்டுக்கு ஒருமுறை சந்திக்கிறார்கள் என்பதை ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போகிறீர்கள். நாவலே அந்த வரியில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். எதற்காகச் சந்திக்கிறார்கள்? பிரியத்தினாலா, மற்ற இருவரும் வாய் திறக்கவில்லை என்று உறுதிசெய்துகொள்ளவா? இரண்டும் கலந்துதான் இருக்கும், எது எவ்வளவு என்று அவர்களுக்கே தெரியாது. அந்தக் குரல் மற்ற இருவருக்கும் கேட்டிருந்தால்? ஒவ்வொருத்தியும் தனக்கு மட்டும்தான் கேட்டது என்று நினைத்து, மற்ற இருவரையும் அந்த உண்மையிலிருந்து இத்தனை வருடம் காப்பாற்றி வந்திருந்தால்? இது என் ஊகம்தான், உங்கள் கதையில் தலையிட எனக்கு உரிமை இல்லை. ஆனால் ஒருத்தியின் குழந்தைக்கு உடம்பு சரியில்லாதபோது இன்னொருத்தி இரவெல்லாம் கூட இருந்ததும், அதே ஆள் அன்று எழுந்து போகாததும் ஒரே மனுஷியிடம் இருக்க முடியும். அதை எழுதிவிட்டால் கடைசி அத்தியாயத்துத் திடுக்கிடல் உங்களுக்குத் தேவைப்படாமலே போகலாம்.

இன்னொன்று. உங்கள் கடிதத்திலும் மூன்றாம் அத்தியாயத்திலும் இறந்துபோனவளைத் தேடினேன். அவள் எப்படி இறந்தாள் என்பது இருக்கிறது. எதற்குச் சிரிப்பாள், அன்று மாலை சண்டையில் என்ன சொன்னாள், இந்த மூவரில் யாரிடம் அதிக ஒட்டுதல் என்று ஒரு வரிகூட இல்லை. கூப்பிட்ட குரல் யாருடைய பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது? அதை முதலில் எழுதிப் பாருங்கள். எழுதியதும் அனுப்புங்கள், படிக்கக் காத்திருக்கிறேன்.