அந்தக் கட்டையைக் கொளுத்தாதீர்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

1987 நவம்பரில் கன்னியாகுமரியிலிருந்து கிளம்பிய மேற்குத் தொடர்ச்சி மலைப் பாதுகாப்பு நடைப்பயணத்தில் நானும் சில வாரங்கள் நடந்தேன். அன்று கூட நடந்தவர்களில் ஏழு பேர் இன்னும் தொடர்பில் இருக்கிறோம். வரும் மழைக்காலத்தில் ஒரு நண்பரின் காப்பித் தோட்டத்தில் மூன்று நாள் கூடாரம் போட்டுத் தங்கப் போகிறோம். ராத்திரி தீ மூட்டி, சுற்றி உட்கார்ந்து பழைய கதை பேச ஆசை. சிக்கல் எட்டாவது ஆளால். அவர் இப்போது குவாரிகளுக்குச் சுற்றுச்சூழல் தாக்க அறிக்கை எழுதிக்கொடுக்கும் நிறுவனத்தில் இருக்கிறார். அவர் வந்தால் நாங்கள் வரமாட்டோம் என்கிறார்கள் இரண்டு பேர். அவரைக் கூப்பிடலாமா? அறுபதைத் தாண்டியவர்களுக்கு எந்தக் கூடாரம் சரிப்படும் என்றும் சொல்லுங்கள்.

அன்புடன்,
ஒரு பழைய நடைப்பயணி

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதம் வந்தபோது நான் பரணில் ஒரு பழைய தார்ப்பாயைத் தேடிக்கொண்டிருந்தேன். அந்தத் தார்ப்பாயின் கதை கீழே வருகிறது.

கூடாரம் எதுவானாலும் சரி. குனியாமல் பேன்ட் மாட்டிக்கொள்கிற உயரம் இருக்கட்டும். ஒரு மடக்குக் கட்டிலையும் எடுத்துக்கொள்ளுங்கள். தரையில் படுத்தால் எழுந்திருக்க இன்னொருவர் கை கொடுக்க வேண்டிவரும், அவருக்கும் முழங்கால் வலி இருக்கும்.

ஆனால் அந்தத் தீ. அதைப் படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. வடக்கே மகாராஷ்டிராவின் நவாபூரிலிருந்து ஒரு கூட்டம், தெற்கே குமரியிலிருந்து ஒரு கூட்டம், நூறு நாள் நடந்து 1988 பிப்ரவரியில் கோவாவில் சந்தித்தோம். வழியெல்லாம் காட்டைப் பற்றிப் பேசினோம். தலையில் சுள்ளிக்கட்டோடு வந்த பெண்களைக்கூட நிறுத்திப் பேசினோம். ஞாபகம் இருக்கிறதா? அவர்களில் ஒருத்தி, "அப்ப அடுப்புக்கு என்னத்த வைக்கிறது?" என்று கேட்டாள். நம்மிடம் பதில் இல்லை. அவளுடைய இரண்டு நாள் சமையலுக்கு ஆகும் விறகை இப்போது கதை பேசுவதற்காக எரிக்கப் போகிறீர்கள்.

காட்டுக்குள் இல்லையே, தோட்டத்தில்தானே என்பீர்கள். சரணாலயத்துக்குள் தீ மூட்டினால் 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் பிடிக்கும், தோட்டத்தில் பிடிக்காது. நான் சட்டத்தைச் சொல்லவில்லை, கட்டையைச் சொல்கிறேன். பட்டுப்போய் விழுந்த மரம் உங்கள் கண்ணுக்கு விறகு. அதன் பட்டைக்கு அடியில் வண்டுப்புழு இருக்கிறது, பூரான் இருக்கிறது, காளானின் வெள்ளை இழை நூல் நூலாக ஓடுகிறது. மரம் பல பத்து வருடங்கள் சேர்த்துவைத்ததை இவையெல்லாம் சேர்ந்து மெதுவாக மண்ணுக்குத் திருப்பிக் கொடுக்கின்றன. நீங்கள் அதை ஒரே ராத்திரியில் சாம்பலாக்குவீர்கள். தீ எரிந்த இடத்தில் மண்ணும் வெந்துபோகும்.

நாங்களும் ஒருமுறை இதே முட்டாள்தனத்தைச் செய்யப் பார்த்தோம். கோவா எல்லையை ஒட்டிய மலையில் ஒரு பாக்குத் தோட்டம், ஆடி மாதம், ஐந்து பேர், ஒரே தார்ப்பாய். அட்டைக்கடியில் எல்லோர் காலிலும் ரத்தம். தொடை தடிமனில் ஒரு மக்கிய கட்டையை இழுத்துவந்து போட்டு, ஒரு தீப்பெட்டி முழுக்கக் காலி செய்தோம். பழைய செய்தித்தாள் எரிந்தது, கட்டை புகையக்கூட இல்லை. வெறுத்துப்போய் டார்ச்சை அணைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்தோம்.

கண் இருட்டுக்கு முழுதாகப் பழக அரை மணி நேரம் ஆகும். நடுவில் யாராவது ஒரு தீக்குச்சியைக் கிழித்தால் போச்சு, மறுபடி முதலிலிருந்து காத்திருக்க வேண்டும். அன்று நல்லவேளையாகத் தீக்குச்சி மிச்சமில்லை. கொஞ்ச நேரம் கழித்து ஒருவன், "அங்க என்னடா, நிலா வெளிச்சமா?" என்றான். நிலாவே இல்லாத ராத்திரி. நாங்கள் கொளுத்தப் பார்த்த அதே கட்டைதான், வெடிப்புகளின் வழியே மங்கலான பச்சையில் ஒளிர்ந்துகொண்டிருந்தது. மரத்தை மக்கவைக்கும் காளான்களில் சிலவற்றுக்கு அந்தக் குணம் உண்டு, உலகத்தில் நூறு இனங்களுக்கு மேல் தெரியவந்திருக்கின்றன. மின்மினியைப் போலச் சூடில்லாத ஒளி. ஒரு துணுக்கை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். கைரேகை தெரியவில்லை, ஆனால் கை இருக்கும் இடம் தெரிந்தது.

எங்களில் ஒருவன் பல வருடம் யாரோடும் பேசாமல் இருந்தவன். பாதிப் போராட்டத்தில் விட்டுவிட்டு ஒரு காண்டிராக்டரிடம் வேலைக்குப் போனான். விலைபோய்விட்டான் என்று நாங்களே முடிவு கட்டியிருந்தோம். முதல் நாள் பகல் முழுக்க வானிலையைத் தவிர அவன் எதையும் பேசவில்லை. ராத்திரி, யார் முகமும் யாருக்கும் தெரியாத அந்த நேரத்தில், தானாகவே சொன்னான்: "காசுக்காகப் போகலடா. எனக்குப் போரடிச்சுப்போச்சு. கூட்டம், தீர்மானம், மறுபடி கூட்டம். அதை உங்ககிட்ட சொல்ல பயமா இருந்துச்சு."

யாரும் பதில் சொல்லவில்லை. அப்புறம் ஒருவன் சிரித்தான். "எனக்கும்தான்" என்றான் இன்னொருவன். அவன் இன்றைக்கும் கூட்டம் நடத்திக்கொண்டிருப்பவன்.

தீ எரிந்திருந்தால் அவன் வாயைத் திறந்திருக்க மாட்டான். தீயைச் சுற்றி உட்கார்ந்தால் எல்லோர் முகத்திலும் வெளிச்சம், பழைய வீரக் கதைதான் வரும். முதுகுக்குப் பின்னால் காடு இருப்பதே மறந்துபோகும்.

உங்கள் எட்டாவது ஆள்... கூப்பிடுங்கள். பெரிய திட்டங்களுக்குச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு கட்டாயம் என்று 1994இல் அரசின் அறிவிக்கை வந்தபோது நாமெல்லாம் மகிழ்ந்தோம். திட்டத்தைத் தொடங்குகிறவரே காசு கொடுத்து அந்த அறிக்கையை எழுதவைப்பார் என்பதை அன்றே கவனித்திருக்க வேண்டியவர்கள் நாம். கோபத்தை முழுக்க இந்த ஒருவர் தலையில் இறக்கிவைக்காதீர்கள். அதற்காக அவரைச் சும்மாவும் விட வேண்டாம், எழுதிய அறிக்கை ஒன்றைக் கொண்டுவரச் சொல்லி, பகலில் வரிவரியாகச் சண்டை போடுங்கள். வரமாட்டேன் என்கிற இருவரும் அந்தச் சண்டைக்காவது வருவார்கள்.

தார்ப்பாய் நேற்றுக் கிடைத்தது. இரண்டு இடத்தில் எலி கடித்திருக்கிறது, ஒட்டுப்போட்டால் இந்த மழைக்குத் தாங்கும். வேண்டுமென்றால் அனுப்பிவைக்கிறேன்.