ஜெர்மனி யுனில வெளிநாட்டு ஸ்டூடன்ட்ஸுக்கு என்னென்ன இருக்கு? கேளுங்க, சொல்றேன்

வணக்கம் மக்களே. நான் ம்யூனிக் டெக்னிக்கல் யுனில மாஸ்டர்ஸ் முடிச்சிட்டு இங்கயே பிஎச்டி பண்றேன். நடுவுல ஃபாக்ஷாஃப்ட்ல, அதாவது டிபார்ட்மென்ட் மாணவர் கவுன்சில்ல வேலை செஞ்சிருக்கேன், புதுசா வர்றவங்களுக்கு படியா (அதாங்க, கூடவே சுத்துற சீனியர்) இருந்திருக்கேன். ஜெர்மனில படிக்கற வெளிநாட்டு ஸ்டூடன்ட்ஸ்ல நம்ம இந்தியாக்காரங்கதான் இப்ப முதல் இடம், 2022-23 வின்டர் செமஸ்டர்லயே சைனாவ தாண்டியாச்சு. ஆனா யுனி தர்ற வசதியில பாதிய நம்ம ஆளுங்க தொடறதே இல்ல, எதுவா இருந்தாலும் வாட்ஸாப் க்ரூப்ல "எனிபடி நோஸ்?"னு போட்டுட்டு உக்காந்திருக்காங்க. அதுக்குதான் இது. விசா, ஏபிஎஸ் (விசாக்கு முன்னாடி நம்ம சர்டிபிகேட்ட சரி பாக்கறது) கேள்வியெல்லாம் இன்னிக்கு வேணாம்.

கேள்வி (கோயமுத்தூர் தம்பி): அக்கா, விசா லேட்டாயிடுச்சுங்க, அக்டோபர் கடைசிலதான் வர முடியும். ஓரியன்டேஷன் எல்லாம் முடிஞ்சிருக்குமே, போச்சா?

போகல தம்பி. செமஸ்டர் பேப்பர்ல அக்டோபர் 1 தொடங்கும், க்ளாஸ் பெரும்பாலும் அக்டோபர் நடுவுலதான். அதுக்கு முன்னாடி நடக்கற அறிமுக வாரம்தான் உனக்கு மிஸ் ஆகும், அதுல கேம்பஸ் சுத்திக் காட்டறது, சேர்ந்து காலை சாப்பாடு, பப் பப்பா கூட்டிட்டுப் போறதுனு போகும், ஜாலிதான் ஆனா அது இல்லாம யாரும் ஃபெயில் ஆனதில்ல. நீ செய்ய வேண்டியது என்னன்னா யுனி மெயில் ஐடி வந்த அன்னிக்கே ஊர்ல இருந்தே அத திறந்து பாரு. ஜெர்மன் க்ளாஸ் பதிவு, படி ப்ரோக்ராம் பதிவு ரெண்டும் ஆன்லைன்தான், நீ ப்ளைட் ஏறறதுக்குள்ள மூடிடும். எங்க யுனில மொழி சென்டர் க்ளாஸ் ஸ்டூடன்ட்ஸுக்கு ஃப்ரீ, வெளில அதே க்ளாஸுக்கு நல்ல காசு ஆகும். இறங்கின பிறகு ஃபாக்ஷாஃப்ட் ரூமுக்கு நேர்ல போ. ஒரு பழைய சோஃபா, ஒரு காபி மெஷின், லேப்டாப்போட நாலு பேரு, அவ்ளோதான் அந்த ரூம். "நான் லேட்டா வந்தேன்"னு சொன்னா போதும், எந்த சப்ஜெக்ட்ட இந்த செமஸ்டர் எடுக்கலாம், எத தள்ளிப் போடலாம்னு அவங்களே சொல்லுவாங்க. பழைய எக்ஸாம் பேப்பர் தொகுப்பும் பல இடத்துல அவங்ககிட்டதான் இருக்கு, இது ஒண்ணுக்காகவே போகலாம்.

கேள்வி: ட்யூஷன் ஃபீஸ் இல்லனு சொன்னாங்க, ஆனா செமஸ்டர் பீஸ்னு ஒண்ணு கட்டச் சொல்றாங்க. எதுக்கு அது?

மொத வரிய கொஞ்சம் திருத்திக்கோங்க, எல்லா இடத்துலயும் ஃபீஸ் இல்லனு இல்ல. பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்துல 2017ல இருந்து ஈயூ அல்லாத ஸ்டூடன்ட்ஸுக்கு செமஸ்டருக்கு 1500 யூரோ. எங்க யுனி 2024-25 வின்டர்ல இருந்து புதுசா சேர்றவங்ககிட்ட மாஸ்டர்ஸுக்கு 4000ல இருந்து 6000 வரைக்கும் வாங்குது, அதுவும் ஒரு செமஸ்டருக்கு. விலக்கும் இருக்கு, அப்ளை பண்ணினாதான் கிடைக்கும்.

செமஸ்டர் பீஸ் வேற கதை. அதுல ஒரு பகுதி ஸ்டூடியரன்டன்வெர்க்குக்கு போகுது. அது யுனி இல்ல, தனி அமைப்பு. ஹாஸ்டல், மென்ஸா (யுனி கேன்டீன்), கவுன்சலிங், சட்ட ஆலோசனை எல்லாம் அவங்க கையில. நிறைய ஊர்ல பஸ் ட்ரெயின் டிக்கெட்டும் இதோட சேர்ந்தே வரும். பவேரியால (ம்யூனிக் இருக்கற மாநிலம்) ஸ்டூடன்ட் டிக்கெட்ட தனியா வாங்கணும், 2023ல 29 யூரோல ஆரம்பிச்சது, அப்புறம் ஏறிக்கிட்டே இருக்கு, நீங்க வர்ற வருஷத்து விலைய பாத்துக்கோங்க. ஆக நீங்க ஏற்கனவே காசு கட்டிட்டீங்க. இனி நான் சொல்றது எதையும் தானம் வாங்கற மாதிரி கூச்சப்பட்டுட்டு கேக்காதீங்க.

கேள்வி (பேர் வேண்டாம்னு கேட்டவர்): ரெண்டு செமஸ்டரா எக்ஸாம் சரியா போகல. தூக்கம் இல்ல. வீட்ல லோன் எடுத்து அனுப்பிருக்காங்க, அவங்ககிட்ட சொல்ல முடியல. யுனில கவுன்சலர்கிட்ட போனா ப்ரொஃபசருக்கோ விசா ஆபீஸுக்கோ தெரிஞ்சிடுமா?

தெரியாது. ஸ்டூடியரன்டன்வெர்க்கோட மனநல ஆலோசனை ரகசியம், சட்டப்படியே ரகசியம், காசும் கிடையாது. ப்ரொஃபசர், விசா ஆபீஸ், இன்சூரன்ஸ் கம்பெனி யாருக்கும் தகவல் போகாது. பெரிய ஊர்கள்ல இங்கிலீஷ்லயே பேசலாம். அப்பாயின்ட்மென்ட் கிடைக்க கொஞ்சம் நாளாகலாம், அதனால இன்னும் முடியாம போகட்டும்னு காத்திருக்காம இன்னிக்கே மெயில் போடுங்க. ரெண்டு வரி போதும், காரணம் விளக்கமா எழுத வேண்டியதில்ல. அதுக்கு நடுவுல ராத்திரி பேச ஆள் வேணும்னா பல யுனி ஊர்கள்ல நைட்லைன்னு ஒண்ணு இருக்கு, ட்ரெயினிங் எடுத்த ஸ்டூடன்ட்ஸே போன் எடுப்பாங்க, உங்க பேரும் கேக்க மாட்டாங்க அவங்க பேரும் சொல்ல மாட்டாங்க. பவேரியால இருந்தா க்ரைசிஸ் சர்வீஸ் 0800 6553000, 24 மணி நேரமும் எடுப்பாங்க, ஃப்ரீ. உயிருக்கே ஆபத்துன்னு தோணினா 112.

எக்ஸாம் விஷயம் தனியா. எத்தன தடவ திரும்ப எழுதலாம், எந்த செமஸ்டருக்குள்ள எத்தன க்ரெடிட் வேணும்னு ஒவ்வொரு கோர்ஸுக்கும் ஒரு ரூல் இருக்கு, உங்க டிபார்ட்மென்ட் ஸ்டடி அட்வைசர்கிட்ட அந்த ரூல வச்சு உக்காந்து பேசுங்க. டாக்டர் சர்டிபிகேட் இருந்தா பல நேரம் கெடு நீளும். ரெண்டு செமஸ்டர் போனதால கதை முடிஞ்சிடல, நானே பாத்திருக்கேன் இங்க ஒரு செமஸ்டர் அதிகமா எடுத்து முடிக்கறது ஜெர்மன் பசங்களுக்கே சாதாரணம். வீட்ல எப்ப சொல்றதுங்கறத கவுன்சலர்கிட்ட பேசிட்டு முடிவு பண்ணலாம். மறுபடி எழுதணும்னா எழுதுங்க, தனியா பதில் சொல்றேன்.

கேள்வி: ஹிவி வேலை (யுனிக்குள்ளயே செய்யற ஸ்டூடன்ட் அசிஸ்டன்ட் வேலை) எப்படி கெடைக்கும்? நூறு மெயில் போட்டேன், ஒருத்தரும் பதில் போடல.

நூறு மெயில் போட்டதுதான் பிரச்சனையே. நான் இப்ப ஹிவி எடுக்கற பக்கம் உக்காந்திருக்கேன், வர்ற மெயில் எப்படி இருக்கும்னு சொல்றேன். "ரெஸ்பெக்டட் சார்"னு ஆரம்பிக்கும், நான் சார் இல்ல. நாலு பக்க சிவி, அதுல அப்பா பேரு, பாஸ்போர்ட் நம்பர், பன்னெண்டாவது மார்க்கு. என் ப்ராஜெக்ட் என்னன்னு ஒரு வரி இல்ல. அத டெலீட் பண்ண மனசு வராது, ஆனா பதில் போடவும் ஒண்ணும் இருக்காது.

ப்ரொஃபசருக்கு போடாதீங்க, அவர் படிக்க மாட்டார். அந்த க்ரூப்ல இருக்கற பிஎச்டி ஆளுக்கு போடுங்க, உங்களுக்கு அவங்க ட்யூட்டோரியல் எடுத்திருந்தா இன்னும் நல்லது. ஆறு வரி, ஒரு பக்க சிவி, உங்க கோட் இருந்தா லிங்க். அப்புறம் காரிடார்ல நடந்து பாருங்க, சிரிக்காதீங்க, இன்னிக்கும் நோட்டீஸ் போர்டுல பேப்பர் ஒட்டிதான் ஆள் தேடறாங்க.

ரூல் பத்தி: வெளி வேலைக்கு வருஷத்துக்கு 140 முழு நாள் இல்ல 280 அரை நாள், 2024 மார்ச்ல இருந்து இது. முன்னாடி 120தான். யுனிக்குள்ள செய்யற ஹிவி வேலை இந்த கணக்குல வராது, நிறைய பேருக்கு இது தெரியாம நல்ல வாய்ப்ப விட்டுடறாங்க. ஆனா க்ளாஸ் நடக்கற மாசங்கள்ல எல்லா வேலையும் சேர்த்து வாரத்துக்கு 20 மணி நேரத்துக்குள்ள வச்சுக்கோங்க, தாண்டினா இன்சூரன்ஸ் கணக்கு மாறிடும்.

கேள்வி: ஈவென்ட்டுக்கு போனா எல்லாரும் பீர் குடிக்கறாங்க, நான் குடிக்க மாட்டேன், சுத்த வெஜ் வேற. போறதுல அர்த்தம் இருக்கா?

இருக்கு இருக்கு. ஆப்பிள் ஜூஸ்ல சோடா கலந்து ஆப்ஃபெல்ஷோர்லேனு தருவாங்க, கலரும் பீர் மாதிரியே, யாரும் கவனிக்கக்கூட மாட்டாங்க. ஒண்ணே ஒண்ணு, க்ளாஸ் இடிக்கும்போது எதிர் ஆள் கண்ண பாத்து "ப்ரோஸ்ட்" சொல்லணும், அது பண்ணலனாதான் தப்பா நினைப்பாங்க. ம்யூனிக்ல வெல்கம் ப்ரேக்ஃபாஸ்ட்னு கூப்பிட்டா வெள்ளை சாசேஜ்தான் இருக்கும், உங்களுக்கு உப்பு தூவின ப்ரேட்ஸலும் வெண்ணெயும் மட்டும்தான் மிச்சம், அதனால வீட்ல தோசை சாப்ட்டுட்டு போங்க. மென்ஸால தினமும் வெஜ், வீகன் ரெண்டுமே இருக்கும், குறி போட்டே வச்சிருப்பாங்க, ஸ்டூடன்ட் கார்டு காட்டினா ஸ்டூடன்ட் விலை. ருசி பத்தி நான் எதுவும் சொல்லல.

எங்க கேம்பஸ்ல என்னோட ஃபேவரிட் ரெண்டு. ஒண்ணு யுனி சினிமா. லெக்சர் ஹால்லயே ஸ்டூடன்ட்ஸ் நடத்தறது, தியேட்டர் விலைல பாதிகூட வராது. டிசம்பர்ல 1944ல வந்த ஒரு கறுப்பு வெள்ளை ஸ்கூல் காமெடிய ஜெர்மனி பூரா யுனிகள்ல போடுவாங்க, கூட்டம் அலாரம் க்ளாக், டார்ச் லைட்டோட வந்து படத்துல அலாரம் அடிக்கறப்ப இங்க மொத்த ஹாலும் அலாரம் அடிக்கும். மொழி புரியலனாலும் போங்க. நம்ம ஊர் முதல் நாள் முதல் காட்சி பாத்தவங்களுக்கு அங்க ஒண்ணும் புதுசா இருக்காது. இன்னொண்ணு கோடைல நடக்கற ஓப்பன் ஏர். சிட்டி கேம்பஸ்ல டூனிக்ஸ், கார்ஷிங் கேம்பஸ்ல கார்னிக்ஸ், மேடை பாட்டு எல்லாம் ஸ்டூடன்ட் கவுன்சில் நடத்தறது. பாக்க போறத விட ஹெல்ப்பரா பேர் குடுங்க. மூணு மணி நேரம் க்ளாஸ் கழுவற இடத்துல நின்னா நாப்பது பேரோட பேசிடுவீங்க, அதுவும் ஜெர்மன்ல. மொழி க்ளாஸ்ல வராத தைரியம் அங்க வரும்.

கேள்வி: ஜிம் ரொம்ப காஸ்ட்லியா இருக்கு.

யுனி ஸ்போர்ட்ஸ்ல சேருங்க. எல்லா யுனி ஊர்லயும் உண்டு. ம்யூனிக்ல அது 1972 ஒலிம்பிக்ஸ் நடந்த பார்க்குலயே இருக்கு. பேட்மின்டன்ல இருந்து மலை ஏறறது, பாய்மரப் படகு வரைக்கும் இருக்கு, செமஸ்டருக்கு கட்டறது வெளி ஜிம்ல ஒரு மாசத்துக்கு கட்டற அளவுதான் பல கோர்ஸுக்கு. பதிவு திறக்கற நேரத்த அலாரம் வச்சுக்கோங்க, பேட்மின்டன் எல்லாம் தட்கல் டிக்கெட்தான்.

கேள்வி (ஆஹென்ல இருந்து அண்ணன் ஒருத்தர்): வீட்டு ஓனர் டெபாசிட் திருப்பித் தரல. காலி பண்ணி எட்டு மாசம் ஆச்சு. வக்கீல் வைக்க காசில்ல.

அண்ணா, மொதல்ல உங்க யுனி ஆஸ்டா ஆபீஸ், அதாவது மாணவர் சங்கம், அங்க சட்ட ஆலோசனை நேரம் எப்பன்னு பாருங்க, ஸ்டூடன்ட்ஸுக்கு காசு இல்ல. ம்யூனிக்ல இத ஸ்டூடியரன்டன்வெர்க் பண்ணுது. போறப்ப கான்ட்ராக்ட், டெபாசிட் அனுப்பின பேங்க் ஸ்டேட்மென்ட், சாவி குடுத்த அன்னிக்கு கையெழுத்து போட்ட பேப்பர் மூணையும் எடுத்துட்டு போங்க. டெபாசிட் சட்டப்படி ஹீட்டிங் மாதிரி கூடுதல் செலவெல்லாம் சேராத மூணு மாச வாடகைக்கு மேல வாங்கவே கூடாது, அதையும் சரி பாருங்க. பெரும்பாலும் கெடு தேதி போட்டு ஒரு ரெஜிஸ்டர்ட் லெட்டர் போனாலே காசு வந்துடும், அந்த லெட்டர எப்படி எழுதறதுனு அவங்களே காட்டுவாங்க.

கேள்வி: விசாக்காக முன்கூட்டியே பணம் போட்டு வச்ச ப்ளாக்ட் அக்கவுன்ட்ல மாசம் 992 யூரோ வருது, ம்யூனிக்ல பத்தல. ஸ்காலர்ஷிப் ஏதாவது உண்டா, வந்த பிறகு?

உண்டு, நம்ம ஆளுங்க அப்ளையே பண்றதில்ல. டாய்ச்லாண்ட் ஸ்டிபென்டியும்னு 2011ல இருந்து இருக்கு, மாசம் 300 யூரோ, பாதி அரசாங்கம் பாதி ஏதோ ஒரு கம்பெனியோ தனி ஆளோ தர்றது. எந்த நாடுனு பாக்க மாட்டாங்க. மார்க் மட்டும் இல்லாம தன்னார்வ வேலை, குடும்ப சூழ்நிலை எல்லாம் பாப்பாங்க, வீட்டுல முதல் தலைமுறை பட்டதாரினா அத எழுதுங்க, கூச்சப்படாதீங்க. தீசிஸ் நேரத்துல காசு தட்டினா இன்டர்நேஷனல் ஆபீஸ்ல படிப்பு முடிக்கறதுக்கான உதவித்தொகைனு கேளுங்க, டாட் (DAAD, ஜெர்மன் கல்விப் பரிமாற்ற அமைப்பு) தர்ற பணத்துல பல யுனில அது இருக்கு. அதுவும் ஆகலனா சர்ச் நடத்தற ஸ்டூடன்ட் சென்டர்கள்ல வளரும் நாட்டு ஸ்டூடன்ட்ஸுக்கு அவசர நிதி இருக்கு, நீங்க எந்த மதம்னு பாத்து தர்றதில்ல. அங்க வாரம் ஒரு நாள் சேர்ந்து சமைச்சு சாப்பிடறதும் நடக்கும்.

கேள்வி: படிக்க அமைதியான இடம்? என் ரூம்மேட் போன்ல கத்திட்டே இருக்கான்.

ம்யூனிக்னா பவேரியன் ஸ்டேட் லைப்ரரி, 1558ல ஆரம்பிச்சது, ராத்திரி வெகு நேரம் வரைக்கும் ரீடிங் ரூம் திறந்திருக்கும். கோட்டு, பேகு எல்லாம் லாக்கர்ல வச்சிட்டு லேப்டாப்ப கையில தூக்கிட்டு போகணும். பாதி பேரு நல்லா ட்ரெஸ் பண்ணிட்டு பாக்கவும் பாக்கப்படவும்தான் வர்றாங்கனு ஊருக்குள்ள ஒரு கிண்டல் உண்டு, எக்ஸாம் சீசன்ல காலைல எட்டு மணிக்கே க்யூ. மத்த ஊர்லயும் யுனி லைப்ரரி சீட் எவ்ளோ காலினு ஆன்லைன்ல காட்டும்.

கேள்வி: டார்ட்மண்ட்ல இருக்கேன் அக்கா, பொங்கல், கோயில் எல்லாம்?

உனக்கு கவலையே இல்ல. பக்கத்துல ஹாம்ல காமாட்சி அம்பாள் கோயில் இருக்கு, இலங்கைத் தமிழர் கட்டினது, 2002ல கும்பாபிஷேகம், ராஜகோபுரத்தோட. கோடை ஆரம்பத்துல தேர்த்திருவிழா, காவடி எல்லாம் எடுப்பாங்க, ஐரோப்பா பூரா இருந்து கூட்டம் வரும். உன் செமஸ்டர் டிக்கெட்லயே ட்ரெயின்ல போயிட்டு வந்துடலாம், ஜெர்மன் க்ளாஸ்மேட்ஸ் ரெண்டு பேர கூட்டிட்டு போ. பொங்கலுக்கு உங்க ஊர் தமிழ்ச் சங்கத்த பாரு, பாத்திரம் கழுவ ஆள் எப்பவும் தேவைப்படும்.

ஹாஸ்டல் பத்தி நாலு பேர் கேட்டிருக்கீங்க, ஒரே பதில்: அட்மிஷன் லெட்டர் வந்த அன்னிக்கே ஸ்டூடியரன்டன்வெர்க்ல பேர் போடுங்க, ம்யூனிக்ல வெயிட்டிங் லிஸ்ட் செமஸ்டர் கணக்குல ஓடுது. லேபுக்கு போகணும், டிவி லைசென்ஸ் லெட்டர் வந்து பயந்து போயிருக்கற ரெண்டு பேருக்கு மட்டும் நைட்டு பதில் போடறேன், அதுக்குள்ள அத கிழிச்சு போட்டுடாதீங்க.