காய்ச்சல் நாளில் சுகர்: சிஸ்டரிடம் கேளுங்கள்

சுகர் வார்டில் பல வருஷமாக இருக்கிறேன். மழைக்காலம் வந்தால் ஒரே மாதிரி கேள்விகள்தான் வரும். இந்த வாரம் வந்ததில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

சிஸ்டர், அம்மாவுக்கு மூணு நாளா வைரல் காய்ச்சல். ரெண்டு வாய் கஞ்சிகூட இறங்கலை. ஆனா சுகர் 290 காட்டுது. மிஷின் கோளாறா?

கையைக் கழுவித் துடைத்துவிட்டு இன்னொரு தரம் பாருங்கள். ஆரஞ்சு உரித்த விரலில் குத்தினால் கூடுதலாகத்தான் காட்டும். மறுபடியும் அதே எண் வந்தால் மிஷின் மேல் தப்பில்லை. சர்க்கரை சாப்பாட்டிலிருந்து மட்டும் வருவதில்லை, கல்லீரலும் சேர்த்து வைத்திருக்கிறது. காய்ச்சல் வந்ததும் கார்டிசால், அட்ரினலின் போன்ற ஹார்மோன்கள் கூடும். அவை அந்தச் சேமிப்பை ரத்தத்தில் இறக்கிவிடும், இன்சுலினையும் சரியாக வேலை செய்ய விடாது. சுகர் இல்லாதவர்களுக்குக் கணையம் கூடுதலாகச் சுரந்து சமாளித்துவிடும். அம்மாவுக்கு அது முடியாது. நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை பார்த்து எழுதி வையுங்கள். 250க்குக் கீழே இறங்காமலே நின்றால் டாக்டருக்குப் போன் போடுங்கள்.

தம்பிக்கு 22 வயசு, டைப் 1. நேத்திலிருந்து வாந்தி. சாப்பிடலையேன்னு ஊசியை நிறுத்திட்டோம். சரிதானே அக்கா?

இல்லைம்மா. இதைப் படித்ததும் முதலில் அவனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள், மீதியை அப்புறம் படிக்கலாம். நான் பார்த்ததிலேயே ஆபத்தான தப்பு இதுதான். அதைச் செய்பவர்கள் எல்லாரும் பாசத்தில்தான் செய்கிறார்கள்.

டைப் 1 என்றால் உடம்பில் இன்சுலின் சுரக்காத வகை. இன்சுலின் இல்லாவிட்டால் உடம்பு சர்க்கரையை எரிக்க முடியாமல் கொழுப்பை எரிக்கும். அதில் கீட்டோன் என்ற அமிலம் சேரும். வாந்தி, வயிற்றுவலி, ஆழமாக வேகமாக மூச்சு வாங்குவது, வாயில் பழுத்த பழ வாடை எல்லாம் அதன் அடையாளம். வாந்தியால் ஊசியை நிறுத்தினோம் என்று நீங்கள் நினைக்க, அந்த வாந்தியே கீட்டோனால் வந்ததாக இருக்கலாம். டைப் 1 உள்ளவர்கள் பட்டினி கிடந்தாலும் நீண்ட நேரம் வேலை செய்யும் ஊசியை நிறுத்தவே கூடாது. சாப்பாட்டு நேர ஊசியை மட்டும் டாக்டர் சொன்னபடி கூட்டிக் குறைக்கலாம். காலை, இரவு என்று கலவை ஊசி போடுபவர்கள் அளவைக் கேட்டுவிட்டுப் போடுங்கள், ஏனென்றால் ஒரே ஊசிக்குள் இரண்டும் இருக்கிறது. சிறுநீரில் கீட்டோன் பார்க்கும் பட்டை ஒரு டப்பா வீட்டில் இருக்கட்டும். ரத்தத்தில் பார்க்கும் மிஷின் இருந்தால் 0.6க்குள் இருப்பது சரி. 3 வந்தால் காத்திருக்காதீர்கள்.

அப்பா மாத்திரை மட்டும்தான். வயிற்றுப்போக்கு. மாத்திரை தொடரலாமா?

எந்த மாத்திரை என்பதைப் பொறுத்தது. உடம்பில் நீர் வற்றும்போது மெட்ஃபார்மின் வேண்டாம். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை சிறுநீர் வழியே சர்க்கரையோடு தண்ணீரையும் வெளியேற்றும். அதில் இன்னொரு வம்பு, சுகர் 180 என்று சாதுவாகக் காட்டும்போதே கீட்டோன் ஏறலாம். இந்த இரண்டையும் பொதுவாக நிறுத்தி வைத்து, நன்றாகச் சாப்பிட்டுக் குடிக்க ஆரம்பித்து ஒன்றிரண்டு நாள் கழித்துத் தொடரச் சொல்வார்கள். கிளிமிபிரைடு போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் சுகர் இறங்கிவிடும். சீட்டை டாக்டரிடம் காட்டிக் கேளுங்கள்.

ஓ.ஆர்.எஸ். கொடுக்கலாமா? அதில் குளுக்கோஸ் இருக்கே.

தாராளமாக. உலக சுகாதார நிறுவன அளவுப்படி ஒரு லிட்டரில் 13.5 கிராம் குளுக்கோஸ்தான். 200 மில்லி டம்ளருக்கு மூன்று கிராம்கூட இல்லை, அரை இட்லிக்கு வராது. உப்பைக் குடல் இழுத்துக்கொள்ளவே அந்தக் குளுக்கோஸ் வேண்டும். அட்டை டப்பாவில் வரும் இனிப்புப் பானங்களை ஓ.ஆர்.எஸ். என்று நினைத்து வாங்காதீர்கள், சிலவற்றில் சர்க்கரை பல மடங்கு. பாக்கெட் தூளை வாங்கி, அதில் எழுதியிருக்கும் அளவுத் தண்ணீரில் கரையுங்கள்.

இருமல் சிரப்?

ஒரு கரண்டியில் சில கிராம் சர்க்கரைதான். ஏறுவது பெரும்பாலும் சளியால், சிரப்பால் இல்லை.

வீசிங்குக்கு பிரெட்னிசலோன் கொடுத்தாங்க. காலையில் வெறும் வயிற்றில் 118, ஆனா சாயங்காலம் 320!

பிரெட்னிசலோன் ஒரு ஸ்டீராய்டு. காலையில் போட்டால் மதியத்துக்கு மேல்தான் ஆட்டம் காட்டும், ராத்திரியில் அடங்கும். வெறும் வயிற்றில் மட்டும் பார்ப்பவர்களுக்கு இது தெரியாமலே போய்விடும். மதியச் சாப்பாட்டுக்கு இரண்டு மணி நேரம் கழித்தும், ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னும் பாருங்கள். ஸ்டீராய்டை நீங்களாக நிறுத்தாதீர்கள். அந்த நாட்களுக்குச் சுகர் மருந்தைத்தான் டாக்டர் மாற்றித் தருவார்.

காய்ச்சலப்போ டாக்டர் இன்சுலினைக் கூட்டினார். இப்ப உடம்பு தேறிடுச்சு, நேத்து ராத்திரி வியர்த்துக் கொட்டி சுகர் 62. ஏன்?

காய்ச்சல் போனதும் அந்த ஹார்மோன்களும் இறங்கிவிட்டன, ஊசி அளவு மட்டும் இறங்கவில்லை. அடுத்த ஊசிக்கு முன்னால் டாக்டரைக் கூப்பிட்டு அளவைக் குறைத்துக் கேளுங்கள். மறுபடி 70க்குக் கீழே போனால் மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, பதினைந்து நிமிஷம் கழித்துப் பாருங்கள். ஏறியிருந்தால் ஏதாவது சாப்பிட்டுவிட்டுப் படுங்கள். இன்றைக்கு ராத்திரி இரண்டு மணிக்கு அலாரம் வைத்து ஒருமுறை குத்திப் பார்த்துவிடுங்கள்.