டெக்சாஸ் இணைய பில்லில் விற்பனை வரி: திரும்பக் கேளுங்கள்

வணக்கம். ஹூஸ்டனில் 70 டாலர் இணையக் கட்டணத்துக்கு 5.78 டாலர் விற்பனை வரி போட்டிருக்கிறார்கள், இது சரியா என்று கேட்டிருந்தீர்கள். அந்த 70 முழுக்க இணைப்புக்கு மட்டும் என்றால், சரியில்லை.

1998இல் வந்த இணைய வரி விடுதலைச் சட்டம் என்ற அமெரிக்க மத்திய அரசுச் சட்டம், இணைய இணைப்புக்கு மாநிலங்கள் வரி போடுவதைத் தடுக்கிறது. முன்பே வரி வாங்கிவந்த சில மாநிலங்களுக்கு மட்டும் விலக்கு இருந்தது. டெக்சாஸ் அதில் ஒன்று. மாதம் 25 டாலருக்கு மேற்பட்ட தொகைக்கு வரி வாங்கியது. 2016இல் தடை நிரந்தரமானது, விலக்கும் 2020 ஜூன் 30உடன் முடிந்தது. உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் "இங்கே எப்பவும் உண்டு" என்றது அந்தப் பழைய கணக்கை வைத்துத்தான் இருக்கும்.

ஆனால் பில்லை வரிவரியாகப் பாருங்கள். என் பில்லில் ரௌட்டர் வாடகை 10 டாலர், அதற்கு 83 சென்ட் வரி. அது செல்லும், கருவி வாடகை இணைப்பு ஆகாது. கேபிள் டிவி சேர்ந்திருந்தால் அந்தப் பங்குக்கும் வரி உண்டு. இரண்டும் இல்லையென்றால், எதற்கான வரி என்று நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள், பழைய மாதங்களையும் சேர்த்து. தயங்காதீர்கள், அது உங்கள் பணம்.

அப்புறம், வெளிமாநிலங்களுக்குச் சேலை விற்கிறீர்களே, அதற்கு இந்தச் சட்டம் கை கொடுக்காது. அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் 2018 வேஃபேர் தீர்ப்புக்குப் பிறகு, உங்களுக்குக் கடை இல்லாத மாநிலமும் உங்களை விற்பனை வரி வசூலிக்கச் சொல்லலாம். எவ்வளவு விற்றால் வரி வசூலிக்க வேண்டும் என்ற வரம்பை ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனித்தனியாகப் பார்த்துவிடுங்கள்.