கொடைக்கானல் காட்டில் கூடாரம் அடித்து ஓரிரவு தங்க யாரிடம் அனுமதி வாங்க வேண்டும்?

விடுதிகளும் வண்டிகளும் இல்லாத காட்டுக்குள், சொந்தக் கூடாரத்தில், நண்பர்களோடு ஓரிரவு தங்க வேண்டும், அதற்கு யாரிடம் அனுமதி கேட்பது, எவ்வளவு கட்டணம் என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் சென்னையிலோ பெங்களூரிலோ வேலை பார்ப்பவர், நீண்ட விடுமுறை ஒன்றைக் குறித்து வைத்துவிட்டீர்கள், கூடாரமும் வாங்கியாகிவிட்டது என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன். காப்புக்காட்டுக்குள்ளோ சரணாலயத்துக்குள்ளோ பொதுமக்கள் கூடாரம் அடித்துத் தங்குவதற்கு இங்கே அனுமதி கொடுப்பதில்லை. பணம் கட்டினால் வாங்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் அவர் உங்களை ஏமாற்றுகிறார். கொடைக்கானலுக்கு மேலே இருக்கும் மேல்மலைக் கிராமம் ஒன்றில் பிறந்து, பகல்நேர நடைக்கு ஆட்களை அழைத்துச் செல்வதையே பிழைப்பாகக் கொண்டவன் நான். இதே கேள்வி என்னிடம் ஓயாமல் வருவதால் சற்று விரிவாகவே சொல்லிவிடுகிறேன்.

கொடைக்கானலைச் சுற்றியுள்ள காடுகளில் 600 சதுர கிலோமீட்டருக்கும் அதிகமான பரப்பு 2013-ஆம் ஆண்டில் வனவிலங்கு சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 27-ஆம் பிரிவின்படி, பணியில் இருக்கும் அரசு ஊழியர், உள்ளே நிலவுரிமை உடையவர், பொதுச் சாலை வழியே கடந்து செல்பவர் போன்ற சிலரைத் தவிர வேறு எவரும் அனுமதிச் சீட்டு இல்லாமல் சரணாலயத்துக்குள் நுழையவோ தங்கவோ கூடாது. அடுத்த பிரிவில் அனுமதி வழங்கத்தக்க காரணங்களாக ஆராய்ச்சி, புகைப்படம் ஆகியவற்றோடு சுற்றுலாவும் இருக்கிறதே என்று சிலர் வாதாடுவார்கள். அனுமதி வழங்கும் அதிகாரத்தைத்தான் அந்தப் பிரிவு அலுவலருக்குக் கொடுக்கிறது. கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தே ஆக வேண்டும் என்று அது கட்டளையிடவில்லை. சரணாலய எல்லைக்கு வெளியே இருக்கும் காப்புக்காட்டில் அத்துமீறி நுழைந்தால், 1882-ஆம் ஆண்டு தமிழ்நாடு வனச் சட்டம் இருக்கிறது. நீலகிரிக்குப் போனால் முக்கூர்த்தி தேசியப் பூங்கா, முதுமலை புலிகள் காப்பகம் என்று கட்டுப்பாடு இன்னும் இறுக்கமாகத்தான் இருக்கும்.

இதில் எனக்கு ஏன் இவ்வளவு ஆதங்கம் என்று கேட்கலாம். ஒரு டிசம்பர் மாதக் கடைசியில், இரவுச் சாப்பாட்டை முடித்திருந்த நேரத்தில், எனக்குத் தெரிந்த வேட்டைத் தடுப்புக் காவலர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். “தம்பி, மேல புல்வெளியில நெருப்பு தெரியுது. ஒத்தையாப் போக முடியாது, கூட வர்றியா?” என்றார். பூண்டு வயல்களைத் தாண்டி, சீகை (வாட்டில்) மரக்காட்டுக்குள் ஏறி, புல்வெளியை எட்டியபோது இரண்டு கூடாரங்கள் தெரிந்தன. கல்லூரியை முடித்து வேலையில் சேர்ந்து அதிக நாள் ஆகாத இளைஞர்கள் நான்கு பேர். மூன்று கல்லைக் கூட்டி நடுவே சீகைச் சுள்ளிகளை எரித்துக்கொண்டிருந்தார்கள். உறைபனி விழத் தொடங்கிய பிறகு மலைப்புல் கருகிக் காய்ந்துவிடும். மேலே பார்த்தால் பனி ஈரம்போலத் தெரிந்தாலும் அடியில் இருப்பதெல்லாம் சருகுதான். கற்களுக்கு வெளியே நெருப்பு புல்லின் அடியோடு ஊர்ந்து, ஒரு பாய் அகலத்துக்குக் கருப்பாகப் பரவியிருந்தது; அவர்கள் அதைக் கவனிக்கவே இல்லை. நாங்கள் இருவரும் பச்சைக் கிளைகளை ஒடித்து அடித்து, அவர்களிடம் இருந்த குடிநீரையும் ஊற்றி அணைத்தோம். கீழே சோலையின் விளிம்பில் டார்ச் அடித்தபோது காட்டுமாடுகளின் கண்கள் வரிசையாக மின்னின. பாதி தின்ற பிரியாணிப் பொட்டலங்கள் கூடாரத்தின் வாசலிலேயே கிடந்தன.

காவலர் அனுமதி எங்கே என்று கேட்டதும் அவர்களில் ஒருவர் சிறிதும் தயங்காமல், “பெர்மிட் இருக்கு அண்ணா” என்று ஒரு தாளை நீட்டினார். அது கொடைக்கானலுக்கு வண்டியில் வருவதற்கான இ-பாஸ். வண்டி எண், வரும் நாள், ஓரத்தில் ஒரு கியூஆர் கட்டம், அவ்வளவுதான். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வரும் வெளியூர் வண்டிகள் எடுக்க வேண்டிய சீட்டு அது. எத்தனை வண்டிகள் மலையேறுகின்றன என்று கணக்கெடுக்கவும் கட்டுப்படுத்தவும் வந்த ஏற்பாட்டுக்கும், காட்டுக்குள் கால் வைப்பதற்கும் எந்தத் தொடர்பும் கிடையாது. அந்தத் தாளைக் காட்டி, ‘வனத்துறை அனுமதியுடன் கூடிய முகாம்’ என்று சொல்லி, தலைக்கு இவ்வளவு என்று ஒருவர் பணம் வாங்கியிருக்கிறார். இடத்தின் அடையாளத்தைக் கைப்பேசியில் அனுப்பியதோடு அவர் வேலை முடிந்துவிட்டது. அன்றிரவு அவரது எண் அணைக்கப்பட்டிருந்தது. குளிரில் விரல் மரத்து, கூடாரத்தின் ஜிப்பைக்கூடத் திறக்க முடியாமல் நின்ற பிள்ளையைப் பார்க்கையில் கோபப்படவும் மனம் வரவில்லை. விடிந்ததும் வனச்சரக அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து, அபராதம் கட்டிவிட்டுப் போனார்கள். பணம் வாங்கியவர் அடுத்த வாரமும் அதே விளம்பரத்தைப் போட்டிருந்தார். எங்கள் ஊர்ப் பெண்கள்தான் விறகு பொறுக்கப் போகும்போதெல்லாம் நிறுத்தி விசாரிக்கப்பட்டார்கள்.

வழிகாட்டித் தொழில் செய்வதால் என் பிழைப்புக்காக இப்படிப் பயமுறுத்துகிறேன் என்று சிலர் பின்னூட்டத்தில் எழுதுவார்கள் என்பது எனக்குத் தெரியும். இரவு முகாமுக்கு அனுமதி கிடைக்குமானால் முதலில் பயன்பெறுபவர்கள் என்னைப் போன்றவர்கள்தான் என்பதை அவர்கள் எண்ணிப் பார்க்கட்டும். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்த பிறகு, மலையேற்றத்துக்கான விதிகளை அரசு தனியாக வகுத்தது. 2021 ஜனவரியில் வயநாட்டு மேப்பாடி அருகே தனியார் விடுதியின் கூடாரத்தில் தங்கியிருந்த பெண் ஒருவரை யானை தாக்கிக் கொன்றது. கொடைக்கானல் காட்டுக்குள் இருக்கும் பேரிஜம் ஏரிப் பக்கம் யானைகள் வந்துவிட்டால், அனுமதி பெற்ற வண்டிகளுக்குக்கூட வனத்துறை பாதையை மூடிவிடுகிறது. இத்தனைக்கும் பிறகு துணிக் கூடாரத்துக்குள் படுத்துறங்கும் மனிதரைப் பாதுகாக்க முடியும் என்று எந்த அலுவலராலும் கையெழுத்திட முடியாது.

ஆனாலும் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. வண்டியில் வந்து, பேரிஜம் ஏரியைப் பார்த்துவிட்டுத் திரும்புபவருக்கு ஒரு முறை இருக்கிறது. காட்டை மெதுவாக நடந்து அறிந்துகொள்ள விரும்பும், குப்பை போடாத, தீ மூட்டாத மனிதருக்கு இங்கே ஓரிரவுகூட வழியில்லை. உள்ளூர் வழிகாட்டியின் பொறுப்பில், வனத்துறைக் கட்டடத்தின் கூரைக்குக் கீழ், நாளுக்கு மிகச் சிலரை மட்டும், தீக்காலம் தவிர்த்துத் தங்க விடலாம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். முறையான வாசல் ஒன்றைத் திறந்தால், பொய்ச் சீட்டு விற்பவர்களின் கடை தானாகவே சாத்தப்படும்.

இப்போதைக்கு உங்களால் செய்ய முடிந்ததைச் சொல்கிறேன். கூடாரத்தில் தங்கியே ஆக வேண்டுமென்றால் பூம்பாறை, மன்னவனூர் பகுதிகளில் பட்டா நிலங்களில் முகாம் நடத்துபவர்கள் இருக்கிறார்கள். முன்பணம் கட்டும் முன், நிலம் எந்த வருவாய்க் கிராமத்தில் இருக்கிறது, சர்வே எண், உட்பிரிவு எண் என்ன என்று கேளுங்கள். தமிழக அரசின் மின்சேவைத் தளத்தில் அந்த எண்களைக் கொடுத்தால் பட்டா விவரத்தையும் அ-பதிவேட்டையும் கட்டணமின்றிப் பார்க்கலாம். நிலம் தனியாருடையதா, அரசுப் புறம்போக்கா என்று அதில் இருக்கும். எண்ணைச் சொல்ல மறுப்பவரிடம் போகாதீர்கள். பட்டா இருந்துவிட்டால் மட்டும் போதாது. வணிகமாக ஆட்களைத் தங்க வைக்க உரிய அனுமதி பெற்றிருக்கிறாரா என்பதையும் கேட்டு, தாளைக் கண்ணால் பார்த்துவிடுங்கள்.

காட்டுக்குள் நடக்க வேண்டுமென்றால், 2024-இல் 40 பாதைகளோடு தொடங்கப்பட்ட ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டம் இருக்கிறது. கொடைக்கானல் பக்கம் வட்டக்கானலிலிருந்து வெள்ளகவி, நீலகிரியில் லாங்வுட் சோலை, அவலாஞ்சியிலிருந்து கோலாரிபெட்டா போன்றவை அதில் அடங்கும். இணையத்திலேயே முன்பதிவு செய்யலாம். பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டிகள் உடன் வருவார்கள். பகலிலேயே போய்த் திரும்பிவிட வேண்டும். தீக்காலத்தில் பாதைகளை மூடிவிடுவார்கள். 2025-இல் பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை மூடியிருந்தார்கள். காட்டின் நடுவே இரவைக் கழிப்பதுதான் நோக்கம் என்றால் முதுமலையில் வனத்துறையின் ஓய்வு விடுதிகளுக்கு முன்பதிவு செய்து முயன்று பாருங்கள். இவை தவிர, உங்களிடம் யாராவது ஒரு தாளை நீட்டி இதுதான் காட்டு அனுமதி என்றால், கொடைக்கானலில் இருக்கும் மாவட்ட வன அலுவலகத்துக்கு அதை எடுத்துச் சென்று காட்டிவிட்டு, அதன் பிறகு மீதிப் பணத்தைக் கொடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்யுங்கள்.